17 வயசு, குமரி மாவட்டம்: காதில் மட்டும் மிச்சமிருக்கிற சின்ன வயது

ஏலாக்கரை
ஜூன் 2, இரவு 9:40

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். நேற்று சாயங்காலம் நல்ல மழை. "இடவப்பாதி பிறந்தாச்சு" என்றாள் பாட்டி. (தென்மேற்குப் பருவமழையை அப்படித்தான் சொல்வோம்.) ராத்திரி படுத்தபோது என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. கார் ஷெட் தகரத்தில் தண்ணீர் சொட்டுகிறது, பக்கத்து வீட்டில் சீரியல் ஓடுகிறது, குழித்துறை ஸ்டேஷன் பக்கம் ரயில் போகிறது. எல்லாம் வழக்கம்போல. அரை மணி நேரம் புரண்ட பிறகுதான் பிடிபட்டது. தவளை கத்தவில்லை.

எனக்கு ஐந்தாறு வயதில் முதல் மழை பெய்த ராத்திரி தூங்கவே முடியாது, அவ்வளவு சத்தம். விடிந்ததும் பாட்டா என்னை ஏலாவுக்குக் கூட்டிப் போவார். (வெளியூர்க்காரர்களுக்கு: பாட்டா என்றால் தாத்தா, ஏலா என்றால் வயல்வெளி.) வரப்போரத் தண்ணீரில் மாட்டுத் தவளைகள் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கும். மற்ற நாட்களில் பாசி நிறத்தில் கண்ணுக்கே தெரியாதவை. இணை தேடுகிற நாட்களில் ஆண் தவளை மட்டும் எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறிவிடும், கழுத்தின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் பை உப்பும். யாரோ ராத்திரி வந்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள் என்று ரொம்ப நாள் நம்பினேன். பாட்டாவும் அதை மறுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் மற்றதும் எனக்குக் காது வழியாகத்தான் ஞாபகம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அப்பா தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) பால் வெட்டப் போவார். பட்டையில் கத்தி போகிற 'சர்ர்', சிரட்டையைத் திருப்பி வைக்கிற 'டக்', நாலு எட்டு நடை, மறுபடி 'சர்ர்'. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த நேரம். ஆவணி வெயிலில் ரப்பர் காய் பட்டாசு மாதிரி வெடித்து, கொட்டை ஓட்டுக்கூரையில் விழுந்து கடகடவென்று உருளும். அந்தக் கொட்டையைத் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைப்பதுதான் எங்கள் விளையாட்டு. பாட்டி அண்டி ஆபீசில் முப்பது வருஷம் முந்திரித் தோடு உடைத்தவள். (முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சின்ன வயதில் அங்கே ஃபேனும் மேஜையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.) வேலையை விட்ட பிறகும் திண்ணையில் உட்கார்ந்து அண்டி தல்லுவாள் (உடைப்பாள்). ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரே இடைவெளி, எண்ணி வைத்த மாதிரி.

பாட்டா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். எனக்கு நினைவு தெரிந்தபோது கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) போவதை நிறுத்திவிட்டார். ஆனால் மழை நாளில் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு அதன் வாயில் பத்தி என்கிற தட்டையால் அடிப்பார். 'தொம்' என்று வயிற்றுக்குள் விழும். 2019-இல் இறந்துவிட்டார். சுங்கான்கடையில் வாங்கிய அந்தக் குடம் பரணில் இருக்கிறது.

நான் இப்போது லேப்டாப்பில் பீட் போடுகிறேன். போன மாதம் குடத்தை இறக்கி ரெக்கார்ட் செய்து, யூடியூபில் கிடைத்த ஒரு பழைய கொடைப் பதிவோடு சேர்த்துப் பார்த்தேன். உட்காரவே இல்லை. சாஃப்ட்வேர் நிமிஷத்துக்கு 120 என்று வைத்தால் கடைசி வரை 120. பதிவில் இருப்பவர்கள் நிதானமாகத் தொடங்கி, சாமி வருகிற இடம் நெருங்க நெருங்க வேகம் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். என் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை.

ஒரு சந்தேகம். ஒரு சத்தம் இல்லாமல் போனால், அது இருந்த இடம் போய்விட்டது என்று அர்த்தமா, கேட்கிற ஆள் போய்விட்டார் என்று அர்த்தமா? உங்கள் ஊரில் என்ன போனது?

நேர்ப்பேச்சு
ஜூன் 2, இரவு 10:05

17 வயசில என்னடே மலரும் நினைவு? நான் 45, எனக்கே இன்னும் வரவில்லை. தவளை வேறெங்கேயாவது கத்திக்கொண்டிருக்கும். ரிசல்ட் என்ன ஆச்சு, எந்தக் காலேஜ், அதைச் சொல்.

பழைய ஆர்மோனியம்
ஜூன் 3, காலை 6:15

தம்பி, எனக்கு 68. ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பது வருஷத்துக்கு மேல் கோயில் பாடகர் குழுவை நடத்தியவன். (கிறிஸ்தவ சபைக்கும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், குழம்ப வேண்டாம்.)

முதலில் தவளை. அது குறையத் தொடங்கியது உன் காலத்தில் அல்ல. 1970களின் கடைசியில் நான் காலேஜில் படித்தபோது, முதல் மழை விழுந்த ராத்திரி ஏலா முழுக்க பெட்ரோமாக்ஸ் விளக்குகள் நகரும். வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் தவளை அசையாது. பிடித்துச் சாக்கில் போட வேண்டியதுதான். காலையில் ஏஜண்ட் வந்து எடை போட்டு வாங்கிப் போவான். தொடை மட்டும் வெளிநாட்டுக்குக் கப்பலேறும். 1987-இல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதற்குள் எங்கள் ஏலாவில் சத்தம் பாதியாகிவிட்டது. இதை நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. இரண்டு மழைக்காலம் நானும் சாக்குப் பிடித்துப் போயிருக்கிறேன். பரீட்சைப் பணம் அதில்தான் கட்டினேன்.

அடுத்து ரப்பர். அதைச் சொந்த ஊர்க் காடு மாதிரி எழுதியிருக்கிறாய். அது பிரேசில் மரம் மக்களே. என் அப்பா காலத்தில் அந்த விளைகளில் மரச்சீனியும் (மரவள்ளி) கொல்லாவும் (முந்திரி) நின்றன. சொல்லப்போனால் அவை இரண்டும்கூட தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவைதான். எங்கே கோடு போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் இரண்டு பழக்கம். ஒன்று பாமாலை. மேல்நாட்டு ராகம், ஆர்கன், நாலு குரல். இன்னொன்று கீர்த்தனை. வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வழியில் வந்த கர்நாடக ராகமும் தாளமும். நான் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு கூட்டத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பேன். ஆல்டோ பாடுகிற பிள்ளைகளுக்குத் தங்கள் வரி மட்டும் கேட்டால் சுவாரஸ்யமே இருக்காது, "இதென்ன சார் பாட்டு" என்பார்கள். சனிக்கிழமை நாலும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். அதே பிள்ளைகள் ஆடி மாதம் பக்கத்து முத்தாரம்மன் கோயில் கொடைக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்பார்கள். கார்த்திகையில் அய்யாவழித் தாங்கலில் (அவர்கள் வழிபாட்டு இடம்) திருஏடு வாசிப்பு நடந்தால் அதையும் கேட்பார்கள். அய்யாவழியைத் தொடங்கிய சாமித்தோப்பு வைகுண்டரை (1809-1851) பற்றி எனக்குத் தெரிந்த பாதி அப்படிக் காதில் விழுந்ததுதான்.

1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒலிபெருக்கிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்தாற்போல் திரும்பிக்கொண்டன. இது எனக்குப் பட்டது, அவ்வளவுதான். பாட்டு அப்படியேதான் இருந்தது, குழாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் மாறியது.

குடம் பற்றி ஒன்று. அது தனியாக ஓடாது. அண்ணாவி (முன்னின்று பாடுகிறவர்) வீசுகோலால் வில் நாணில் அடிக்கிற அடிதான் எல்லாரையும் இழுக்கும். உடுக்கும் தாளமும் கட்டையும் குடமும் அதன் பின்னால் போகும். அண்ணாவியோ சாமியாடுகிறவரின் முகத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வார். உன் லேப்டாப்பில் அந்த முகம் இல்லை.

ஏலாக்கரை
ஜூன் 3, காலை 11:20

சார், நீங்கள் தவளை பிடித்த கதையைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "ஆமா, சாக்குக்காரன்மாரு வருவானுவ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பாட்டா இதை என்னிடம் சொன்னதே இல்லை.

ரப்பர் பற்றி நீங்கள் சொல்வது சரி. பள்ளியிலும் படித்திருக்கிறேன். ஆனால் எனக்குக் காடு என்றால் அதுதான். தை மாசிக் காலத்தில் இலை முழுக்கக் கொட்டி, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். ஒட்டுப்பால் (பட்டையில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) நாற்றம் அடித்தால் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். இதை எப்படி வெளிநாட்டு மரம் என்று நினைப்பது?

@நேர்ப்பேச்சு அண்ணே, ரிசல்ட் வந்துவிட்டது. சுமாராகத்தான் இருக்கிறது. இசையில் ஏதாவது படிக்கலாமா என்று கேட்டேன், வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. மாமா மட்டும் "நர்சிங் போ, வெளிநாடு போகலாம்" என்றார்.

தோவாளைப்பூ
ஜூன் 3, பிற்பகல் 2:50

எல்லாரும் கொடை கேட்ட கதை எழுதுகிறீர்கள். கொடையை நேரில் கேட்காதவள் கதையையும் கேளுங்கள்.

எங்கள் ஊரில் வில்லு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். வயசுக்கு வந்த பிள்ளைகளை அதுவரை விட மாட்டார்கள். ஒன்பது மணிக்குப் பொங்கலும் பாயசமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். என் அண்ணன் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு போவான், விடியற்காலை மூன்று மணிக்கு வந்து குறட்டை விடுவான். நானும் தங்கையும் இருட்டில் படுத்துக்கொண்டு குழாய் ஒலிபெருக்கியில் கேட்போம். காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து அடிப்பதால் எங்கள் ஊரில் சத்தம் நிலையாக நிற்காது. இசக்கியம்மன் கதையில் அவளைக் கொல்கிற இடம் வரும், காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். மறுபடி கேட்கும்போது அவள் தெய்வமாகியிருப்பாள். நடுவில் என்ன நடந்தது என்று பத்து வருஷம் கழித்துத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு விஷயம். கொடையில் கதை சொல்லப்படுகிற தெய்வங்களில் எத்தனை பேர் கொலையானவர்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏமாற்றப்பட்டவள், கர்ப்பமாகச் செத்தவள், சாதி மாறிக் கட்டியதற்காக வெட்டுப்பட்டவன். உயிரோடு இருக்கும்போது நியாயம் கிடைக்காதவர்களுக்குத்தான் வருஷா வருஷம் படையல். கேட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்கு அப்போதே இது உறுத்தும். பொம்பளை சாமியின் கதையைக் கேட்க பொம்பளைப் பிள்ளையை விட மாட்டார்கள்.

குழாய் ஒலிபெருக்கியைத் தடை செய்தது நல்லதுதான். பிளஸ் டூ பரீட்சை சமயத்தில் நானே அதைச் சபித்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கிடைத்த வில்லுப்பாட்டு அது கொடுத்ததுதான். தோவாளை சுந்தரம் பிள்ளை மாதிரி பெரிய வில்லிசைக் கலைஞர் எங்கள் மண்ணில் இருந்தார் என்று பெருமை பேசுவார்கள். அந்த ஊர்ப் பெண்ணாகிய நான் வில்லை முதல்முதலாகப் பக்கத்தில் பார்த்தது 26 வயதில், கல்யாணத்துக்குப் பிறகு. வில்லில் மணி கட்டியிருக்கும் என்றே அன்றைக்குத்தான் தெரியும். அத்தனை வருஷமும் அந்த ஜல்ஜல் சத்தம் யாரோ கொலுசோடு ஆடுவது என்று நினைத்திருந்தேன்.

தம்பி, உன் பாட்டா ஏன் நிறுத்தினார் என்று கேட்டாயா?

மஸ்கட்டில் ஒருவன்
ஜூன் 3, மாலை 5:30

இங்கே ரூமில் ஏ.சி. சத்தம் மட்டும்தான். எங்கள் ஊர்க் கொடையை இப்போது யூடியூபில் லைவ் போடுகிறார்கள். போன வருஷம் வில்லுக்குப் பிறகு சிங்காரி மேளம், நாசிக் டோல், டிஜே எல்லாம். கீழே கமெண்டில் முக்கால்வாசிப் பேர் வளைகுடாவில் இருப்பவர்கள். கோயில் முன்னால் எண்ணி முப்பது தலை. பாடுகிற அக்கா கேமராவைப் பார்த்து எங்கள் பெயர்களை வாசித்து நன்றி சொன்னார். என் பெயரைத் தப்பாகச் சொன்னார், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரைமடி
ஜூன் 3, இரவு 11:45

தூத்தூர் பக்கம் கடற்கரைக்காரன். ஏலா, விளை, கொடை எல்லாம் எங்களுக்குக் கிழக்கே இருக்கிற வேற நாடு. பஸ்ஸில் இருபது நிமிஷம்தான், ஆனாலும் வேற நாடு. பள்ளியில் கூடப் படித்த பையன்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் மீன் நாற்றம் என்பார்கள். அவர்கள் மேல் அடித்தது ஒட்டுப்பால் நாற்றம் என்று இப்போதுதான் தெரிகிறது, நன்றி தம்பி.

எங்கள் கரையில் போன சத்தம் அம்பா. கரைமடி வலையை இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிறு பிடித்து இழுப்பார்கள். ஒருவர் முன்பாட்டு எடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. பாட்டில் பெரிய அர்த்தம் கிடையாது. மாதாவும் வருவாள், மாமன் மகளும் வருவாள், வட்டிக்காரனைத் திட்டுவதும் வரும். எந்த இடத்தில் எல்லாரும் ஒரே நேரம் காலை ஊன்றிக் கயிற்றை வலிக்க வேண்டும் என்பதுதான் பாட்டு. இன்றைக்கு எஞ்சின் இருக்கிறது, அந்த இரைச்சலில் பாட்டு எடுபடாது. அதற்கு அவசியமும் இல்லை. இதற்காக நான் அழ மாட்டேன். என் அப்பாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவன் யாரும் அழ மாட்டான்.

நான் சொல்ல வந்தது வேறு. ஏலாக்கரைத் தம்பிக்கு 2017-இல் பத்து வயது இருக்கும். நவம்பர் 29 ராத்திரி காற்று ஏறியது, 30-ஆம் தேதி காலை ஒக்கி புயல். உங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்த சத்தம் உனக்கு நினைவிருக்கும். எங்கள் கரையில் அன்றைக்கு வித்தியாசமாக எதுவுமே கேட்கவில்லை, அதுதான் பயம். ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே போனவர்கள். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் கரகரப்பு மட்டும். என் மாமா ஐந்தாவது நாள் லட்சத்தீவில் கரையேறிவிட்டார் என்று போன் வந்தது. அதே தெருவில் போன் வராத வீடுகள் இருந்தன. போன் மணி அடித்தால் தெருவே வெளியே வந்து நிற்கும், அது யார் வீட்டு மணியாக இருந்தாலும். அந்த டிசம்பரில் எங்கள் கரையில் கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது. ஜெபமாலை மட்டும். ராத்திரி பூராவும் பெண்கள் சொல்லுவார்கள், ஒரு வீட்டில் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டில் தொடங்கும்.

2004-இல் சுனாமி வந்தபோது நான் பள்ளிப் பிள்ளை. மணக்குடியிலும் குளச்சலிலும் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ரொம்ப நாள் கடல் உள்வாங்குகிறதா என்று காதை வைத்தே கவனிப்பேன். இன்றைக்கும் அலைச் சத்தம் ஒரு நிமிஷம் குறைந்தால் தூக்கம் கலைந்துவிடும். உனக்குத் தவளை இல்லையென்றால் தூக்கம் வரவில்லை என்றாயே, அது புரிகிறது.

நேர்ப்பேச்சு
ஜூன் 4, காலை 8:10

கரைமடி எழுதியதற்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்கிறேன்.

நான் வீடு கட்டிக்கொடுக்கிற தொழில். ஏலா நிரப்பி வீடு கட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்கே நெல் கொடுத்த மண் என்று எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். 1906-இல் கட்டிய பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து பாய்ந்த வயல்கள்தான். ஆனால் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி கொடுத்தால் நெல்லில் திரும்ப வராது. அதனால் வாழை வைத்தார்கள், அப்புறம் தென்னை, அப்புறம் பிளாட். ரப்பர் 2011-இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனது, நாலைந்து வருஷத்தில் பாதிக்கு வந்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்தவன் எதை விற்பான்? பத்து சென்ட் நிலம்தான் கையில் இருக்கும். நான்குவழிச் சாலை குளத்துக்குள் போகிறது என்று சத்தம் போடுகிறவர்கள், அதே சாலையில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்று சந்தோஷப்படுகிறார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் கேட்டிருக்கிறேன்.

ஏலாக்கரை என்று பெயர் வைத்திருக்கிறாயே தம்பி. ஒரே கேள்வி. உன் வீடு எங்கே நிற்கிறது?

தோவாளைப்பூ
ஜூன் 4, காலை 9:30

சின்னப் பையனிடம் கேட்கிற கேள்வியா அண்ணாச்சி இது? அவனா பத்திரம் எழுதினான்?

பழைய ஆர்மோனியம்
ஜூன் 4, காலை 9:52

கேட்கட்டும் அம்மா. என்னிடம் யாரும் கேட்காததால்தான் சாக்குக் கதையைச் சொல்ல நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

ஏலாக்கரை
ஜூன் 5, இரவு 10:15

நேற்று பதில் எழுதவில்லை. பாட்டியிடம் இரண்டு கேள்வியும் கேட்டேன்.

முதல் கேள்வி, வீடு. நான் ஏழு வயது வரை இருந்தது மேலே விளையில் பழைய ஓட்டு வீடு. 2014-இல் கீழே புது வீடு கட்டினோம், ரோட்டோரம் வேண்டும் என்று. ரோடு ஏலாவை ஒட்டித்தான் போகிறது. நாற்பது லோடு மண் அடித்ததாக அப்பா கணக்கு வைத்திருக்கிறார். லாரி வந்தது எனக்கு நல்ல ஞாபகம், ஒவ்வொரு லோடும் கொட்டி முடித்ததும் நானும் சித்தப்பா மகனும் அதில் ஏறிச் சறுக்குவோம். அந்த மண் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் கேட்டேன். நாங்கள் கொல்லாம்பழம் பறிக்கப் போகிற பொற்றையிலிருந்து (சின்னக் குன்று). அந்தப் பொற்றை இப்போது பாதிதான் இருக்கிறது, அதை யாரோ வெளியூர்க்காரர்கள் வெட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ படுத்துக் கிடக்கிற ரூமுக்குக் கீழேதாம்ல தவளை கிடந்தது" என்றாள் பாட்டி. கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள்.

நேர்ப்பேச்சு அண்ணே, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் வீடு கட்டியது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பழைய வீட்டில் மழைக்கு மூன்று இடத்தில் சட்டி வைப்போம். ஒக்கி அன்றைக்குப் பழைய வீட்டின் மேல் ரப்பர் மரம் விழுந்தது. நாங்கள் கீழே இருந்ததால் தப்பித்தோம். 2021 நவம்பர் மழையில் மட்டும் புது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அப்பா "வெள்ளத்துக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் பேசவில்லை.

இரண்டாவது கேள்வி, அக்கா கேட்டது. பாட்டி ரொம்ப நேரம் பதில் சொல்லாமல் அண்டி தல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். சில ஊர்களில் குழுவுக்கு ராத்திரிச் சாப்பாடு தொழுவத்துப் பக்கம்தான் போடுவார்களாம். திண்ணையில் இலை போட மாட்டார்கள். இவர்கள் பாட்டுக்குத்தான் சாமி வந்து ஆடும், திருநீறு பூசும், குறி சொல்லும். ஆட்டம் முடிந்து சாமி மலையேறிய பிறகு இவர்களுக்கு இலை மாட்டுத் தொழுவத்தில். எல்லா ஊரிலும் இல்லை, சில ஊர்களில் என்று பாட்டி இரண்டு தடவை சொன்னாள். பாட்டா அதை வீட்டில் சொன்னதே இல்லை, கூடப் போன இன்னொருவர் சொல்லித்தான் பாட்டிக்கே தெரியும்.

என் அம்மாவுக்கு வில்லு என்றால் உயிராம். "என்னையும் கூட்டிப் போங்கப்பா" என்று ஒவ்வொரு கொடைக்கும் அழுவாளாம். பாட்டா ஒரு தடவைகூட கூட்டிப் போகவில்லை. பொம்பளைப் பிள்ளையை ராத்திரி கூட்டிப் போக மாட்டார் என்றுதான் அம்மா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இன்றைக்குப் பாட்டி சொன்னதை அடுக்களையில் நின்று அம்மாவும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. கட்டன் சாயா போட்டு எனக்கும் பாட்டிக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் நிறுத்தியதற்குக் காரணம் சாதாரணமானது. மூட்டு வலி. ராத்திரி முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை.

தோவாளைப்பூ
ஜூன் 5, இரவு 10:40

அம்மாவை அடுத்த கொடைக்கு நீ கூட்டிப் போ. முன்வரிசையில் பாய் போட்டு உட்கார வை.

கரைமடி
ஜூன் 5, இரவு 10:58

எங்கள் கரைக்கும் வரலாம். சாளை மீன் வறுத்து முன்வாசலில் இலை போடுவோம். நாற்றம் சகித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஆர்மோனியம்
ஜூன் 6, காலை 6:05

நான் ஒரு காரியம் யோசித்தேன். நாலு குரல் பாட்டில் ஆல்டோவுக்குத் தன் வரி மட்டும் தெரியும் என்று எழுதினேன் அல்லவா? சனிக்கிழமை வந்து சேராத ஆல்டோ எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று ராத்திரி முழுக்க ஓடியது. எங்கள் கோயிலிலும் பாடகர் குழுவுக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைப் பின் பெஞ்சில் வைப்பது என்பதில் குரல் மட்டும் கணக்கில் இருக்கவில்லை. நான் குழுவை நடத்தியவன், அதனால் எனக்குத் தெரியும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

தம்பி, லேப்டாப்பில் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றுகிற வசதி இருக்கும் என்று என் பேரன் சொல்கிறான். முதலில் பழைய பதிவைத் தனியாக ஓடவிட்டுத் தொடையில் தட்டிக் கணக்கெடு. பிறகு மெஷினை அதற்கு இழு. மெஷினுக்குப் பாட்டை இழுக்காதே. இசை படிக்க ஆசை என்றாயே. நர்சிங் போனாலும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. நான் கணக்கு வாத்தியாராகத்தான் சம்பளம் வாங்கினேன்.

ஏலாக்கரை
ஜூன் 9, இரவு 11:30

இன்றைக்கு மறுபடி நல்ல மழை. ஒன்பது மணிக்கு நின்றது. ஜன்னலைத் திறந்தால் ஒரு சத்தம். ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவர் புது வீட்டுக்கு வானம் (அஸ்திவாரம்) தோண்டிப் போட்டிருக்கிறார். அந்தக் குழியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. அங்கேதான். போனை எடுத்துக்கொண்டு போனேன். டார்ச் அடித்தால் நிறுத்திவிடும், அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் நின்றால் ஒன்று மெல்லத் தொடங்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும். சேரச் சேர வேகம் ஏறுகிறது. கடைசியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தோம், மஞ்சள் நிறம்தான். பெயிண்ட் இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை கான்கிரீட் போடுகிறார்களாம். வீட்டுக்காரர் சொன்னார். அவரும் வெளியே வந்து நின்று கேட்டார், சின்ன வயதில் இதைக் கேட்டது என்றார்.

ரெக்கார்டிங் கீழே இணைத்திருக்கிறேன். மூன்று நிமிஷம் இருக்கும். நடுவில் ரயில் சத்தம் வரும், வெட்டவில்லை. குடத்தை இன்னும் சேர்க்கவில்லை.

நேர்ப்பேச்சு
ஜூன் 10, காலை 7:20

கேட்டேன். இரண்டு தடவை. வானம் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டுத்தான் கான்கிரீட் போடுவோம். இறைக்கிற அன்றைக்குக் காலையில் நீயும் இரண்டு பையன்களும் வாளி எடுத்துக்கொண்டு போனால் பிடித்துக் கொஞ்சம் தள்ளி வாய்க்காலில் விடலாம். கையில் ஈரத் துணி சுற்றிக்கொள், வழுக்கும்.

பழைய ஆர்மோனியம்
ஜூன் 10, காலை 7:41

பிடிக்கிற விதம் எனக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை காலை நான் வருகிறேன், என் வீடு கருங்கலில்தான். சாக்கு வேண்டாம், வாளியே போதும்.

கரைமடி
ஜூன் 10, காலை 8:02

தம்பி, ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது நொடியில் கேட்பது தவளை இல்லை. யாரோ இருமுகிறார்கள்.

ஏலாக்கரை
ஜூன் 10, காலை 8:09

பாட்டி, அண்ணே. டார்ச் பிடிக்கிறேன் என்று சொல்லிக் கூடவே வந்துவிட்டாள்.